மலர்க்கொடி வீட்டில் பால் பொங்கிய நாள்

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் நான் ஏறி உட்கார்ந்தது தவறான பஸ் என்று எனக்குச் சொன்னவர் நடத்துநர் அல்ல; பக்கத்து இருக்கையில், மடியில் ஒரு சேவலை வைத்துக்கொண்டிருந்த பெண்மணி.

"குளத்தூருக்கா போறீங்க? எந்தக் குளத்தூரு?" என்று கேட்டார்.

உலகத்தில் ஒரே ஒரு குளத்தூர்தான் இருக்கும் என்று நம்பி முல்லைத்தீவிலிருந்து கடல் தாண்டி வந்தவள் நான். "கீரனூருக்குப் பக்கத்திலை" என்றேன்.

"அடியாத்தி! இது அதுக்கு நேர் எதிர்ப்பக்கமுல்ல போவுது!"

அவர் போட்ட சத்தத்தில் சேவல் சிறகடித்தது. நடத்துநர் விசில் ஊதினார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் என் பிரச்சினையைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். இங்கிட்டு இறக்கிவிடலாம் என்றார் ஒருவர். அங்கிட்டு நிழல் இருக்கிறது, அங்கே இறக்கலாம் என்றார் மற்றவர். கடைசியில் எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, நடத்துநர் என் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அதில் வைத்தார்.

"அண்ணே, இவுங்கள ஸ்டாண்டுல கீரனூரு வண்டில ஏத்தி விட்ருங்க. சிலோன்காரவுக."

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க பேசுறது ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார்.

கீரனூர் பஸ்ஸில் நான் நீட்டிய நோட்டை அந்த நடத்துநர் வாங்கவில்லை. இந்த மாநிலத்தில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாம். நான் இந்த நாட்டு ஆள் இல்லை, சும்மா ஏறுவது சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரு சீட்டைக் கிழித்து என் கையில் வைத்தார். "இதுல மகளிர்னுதாம்மா போட்டுருக்கு. எந்த ஊரு மகளிர்னு போடல." நான் சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணும், கருவேல மரங்களும், திடீர் திடீரென்று தரையிலிருந்து எழும்பி நிற்கும் மொட்டைப் பாறைகளும். பாறையை விட்டால் எங்கள் வன்னிதான். ஒரு குளம் முடிய இன்னொரு குளம். வைகாசி வெயிலில் பாதிக் குளங்களில் தண்ணீர் இல்லை, மாடுகள் நின்றன. எங்கள் பக்கத்திலும் ஊர்ப் பெயர்களில் பாதி குளம் என்றுதான் முடியும். யாரோ ஒருவர் ஒரே பையிலிருந்து எடுத்து இரண்டு இடத்திலும் கொட்டியது போல இருந்தது.

குளத்தூர் நிறுத்தத்தில் மலர்க்கொடி நின்றாள். மாம்பழ நிறச் சேலை, தலையில் கனகாம்பரம். நாங்கள் கடைசியாக ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே தொங்கிய பச்சைத் திரையை விலக்கி. அதன் பிறகு ஏழு வருடங்களாகப் போன்தான். நான் படியிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பஸ் எங்களுக்காகக் காத்து நின்றது. பிறகுதான் என் பை இன்னும் பஸ்ஸுக்குள்ளே இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"என்னடி ரஞ்சி, இப்புடி மெலிஞ்சு கெடக்கே?"

"நீ நல்லாக் கொழுத்திட்டாய்" என்றேன்.

"நாலு நாளு இரு. ஒன்னையும் கொழுக்க வச்சிர்றேன்."

சொன்னதைச் செய்தாள். அவளுடைய அண்ணன் ரெங்கசாமி வீட்டில்தான் அன்று இரவுச் சாப்பாடு. நாட்டுக்கோழிக் குழம்பு, அவித்த முட்டை, ரசம், தயிர். அண்ணி வசந்தா கரண்டியைக் கீழே வைக்காமல் பரிமாறினார். மூன்றாம் தரம் சோறு வந்தபோது நான் இலையின் மேல் கையை விரித்து, "காணும் அண்ணி, காணும்!" என்றேன்.

அண்ணி பதறிப்போனார். "என்னத்தக் காணோம்? அப்பளத்தையா?" அண்ணன் எழுந்து இன்னொரு விளக்கையும் போட்டார். "என்னம்மா தங்கச்சி, மோதிரம் கீதிரம் விழுந்துருச்சா?" இலைக்கு அடியில் பார்த்தார், பாயைத் தூக்கிப் பார்த்தார். மலர்க்கொடி சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்த பிறகுதான் பேச முடிந்தது. "அண்ணே, அவுக ஊருல காணும்னா போதும்னு அர்த்தம்!"

"போதும்னா போதும்னு சொல்ல வேண்டியதுதானே" என்று சொல்லிக்கொண்டே அண்ணி நான்காம் தரம் சோறு வைத்தார்.

மறுநாள் காலை மலர்க்கொடி தன் தொழிலைக் காட்டக் கூட்டிப்போனாள். நார்த்தாமலைக்குப் பிரியும் சாலை ஓரத்தில், புளியமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. அதில் துணி சுற்றிய மண்பானைகள். கம்பங்கூழ் விற்கிறாள். எங்கள் ஊரில் கூழ் என்றால் ஒடியல் மாவில், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. நண்டு, இறால், மீன், பயற்றங்காய் எல்லாம் அதற்குள் இருக்கும், பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றிச் சுடச்சுடக் குடிப்போம். இது குளிர்ந்த கூழ். சொம்பில் மோர் ஊற்றிக் கரைத்து, தொட்டுக்கொள்ள மாங்காய்த் துண்டும் மோர்மிளகாயும் தருகிறாள். எங்கள் கூழைப் பற்றிச் சொன்னேன்.

"அடிப்பாவி, கூழுக்குள்ள நண்டா?"

"நண்டு இல்லாட்டி அது கஞ்சி."

வரிசையில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "சரியாச் சொன்னீங்கம்மா. நான் பல வருசமா கருவாடாச்சும் வையுங்கன்னு கேக்குறேன், இந்தக்கா வைக்க மாட்டேங்குது" என்றார்.

இந்த வண்டியில் அடுப்பு இல்லை. அதைக் கவனித்தேன். கூழ் காய்ச்சுவது அண்ணி வீட்டுக் கொல்லையில், விறகு அடுப்பில், திறந்த வெளியில். ஊருக்குத் திரும்பி வந்த முதல் வருடம் மலர்க்கொடி விறகு அடுப்புப் பக்கம்கூடப் போகவில்லை. கதவு சாத்திய அறைக்குள் படுக்க முடியவில்லை. மழையோ பனியோ வாசலில் கட்டில் போட்டுத்தான் படுப்பாள். ஊரில் சிலர் பேய் பிடித்திருக்கிறது என்றார்களாம். அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் கட்டிலையும் தூக்கி வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாராம். பனி அதிகமானால் இருவருக்கும் சேர்த்து ஒரு தார்ப்பாய்.

கூழ் தீர்ந்ததும் மலைமேல் இருக்கும் சோழர் காலத்துக் கோயிலுக்கு ஏறினோம். படி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பாறைச் சரிவுதான். மலர்க்கொடியின் வலது காலில் உள்ளே ஒரு தகடு இருக்கிறது. "மெதுவாத்தான் ஏறுவேன். ஆனா ஏறிருவேன்" என்றாள். ஏறினாள். வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் கிடந்தது. மேலே போனதும் கோயில் நிழலில் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தோம். அங்கே வைத்துத்தான் ஏழு வருடங்களில் முதல் முறையாக அந்தப் பின்னேரத்தைப் பற்றி நேருக்கு நேர் கதைத்தோம்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வேலை செய்தவர்கள். நான் போரில் வீட்டையும் தம்பியையும் இழந்த பிறகு, தையல் கடை ஒன்று போடலாம் என்ற எண்ணத்தில் போனவள். அவள் கணவர் இறந்த பிறகு, சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று வந்தவள். மூன்றாம் மாடி. வீட்டுக்காரம்மா வெளியே போகும்போதெல்லாம் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவாள். ஏன் என்று கேட்டால் அடி. என் காதுகளில் ஒன்று இப்போதும் சரியாகக் கேட்காது.

அன்று அவர்கள் குடும்பத்தோடு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். காஸ் அடுப்பின் ரப்பர்க் குழாயில் விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று மலர்க்கொடி பலமுறை சொல்லியிருந்தாள். யாரும் மாற்றவில்லை. தேநீர் வைக்க அவள் லைட்டரை அழுத்தினாள். நெருப்பு குழாய் வழியே ஓடியதைப் பார்த்தேன். பிறகு சமையலறை முழுவதும் நெருப்பு. முன்கதவுக்கு ஓடினோம். பூட்டு. கைமுட்டி உடையுமளவுக்குத் தட்டினோம். ஜன்னல்களில் எல்லாம் இரும்புக் கம்பி. புகை கழுத்துக்கு இறங்கிவிட்டது.

எனக்கு ஷெல் அடி பழக்கம். பதுங்குகுழி தெரியும், ஓடத் தெரியும். பூட்டிய வீட்டுக்குள் என்ன செய்வது என்று தெரியவில்லை. மலர்க்கொடிதான் என்னை எங்கள் சின்ன அறைக்கு இழுத்துப் போனாள். அங்கே சுவரில் ஒரு பழைய ஏசிப் பெட்டி, மரச் சட்டத்துக்குள் செருகியிருந்தது. இருவரும் தரையில் மல்லாந்து படுத்து, நான்கு கால்களாலும் அதை உதைத்தோம். எத்தனை உதை என்று தெரியாது. அது வெளியே விழுந்த சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சுவரில் ஒரு சதுரம், அதில் வெளிச்சம். அவள் என்னை முதலில் தள்ளினாள். நான் கீழே இருந்த கடையின் தகரக் கூரையில் விழுந்தேன். என் பின்னால் அவள் குதித்தாள். கூரை தவறி, தெருவில் கால் ஊன்றி விழுந்தாள். அவளுடைய முதுகில் தீ பிடித்திருந்தது. எந்த நாட்டவர் என்றே தெரியாத கூலியாட்கள் ஓடிவந்து தங்கள் சட்டைகளைக் கழற்றி அணைத்தார்கள்.

"நான் பத்த வச்ச நெருப்புதானே ரஞ்சி" என்றாள் பாறையில் உட்கார்ந்தபடி. போனில் எத்தனையோ முறை சொன்னதுதான்.

"நீ தேத்தண்ணிக்குத்தான் பத்த வைச்சனி. வீட்டைப் பூட்டினது ஆர்?"

கீழே குளத்தில் ஒரு பெண் நாலைந்து எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மலர்க்கொடி, "நாளைக்குப் பால் நாந்தான் காய்ச்சணும்" என்றாள்.

அதுதான் விஷயம்; மறுநாள் அவள் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோகும் விசேஷம். புது வீடு குடிபோகும்போது வீட்டுக்காரி புதுச் சமையலறையில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்ச வேண்டும். அது பொங்கி வழிய வேண்டும். அண்ணி, வேண்டுமானால் நான் காய்ச்சுகிறேன், நீ பக்கத்தில் நில் என்று சொல்லியிருக்கிறார். விறகு அடுப்பை வாசலில் மூட்டிக்கொள்ளலாம் என்று அண்ணனும் சொல்லியிருக்கிறார். மலர்க்கொடி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. "அங்கன போயி வீடு கட்டச் சம்பாதிக்கலாம்னு போனேன். கால ஒடிச்சுக்கிட்டு வந்தேன். கூழு வித்துக் கட்டுன வீடு இது. என் வீட்டுல என் அடுப்ப நான் பத்த வைக்கலன்னா அப்பறம் யாரு வீடு அது?"

நான் அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வந்தவள். நிறையச் சொன்னேன். நான் எங்கள் ஊரில் காஸ் அடுப்பில்தான் சமைக்கிறேன், ஒரு பயமும் இல்லை என்றேன். அது உண்மையும்கூட.

பின்னேரம் புது வீட்டைப் பார்த்தோம். சின்ன வீடு, ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு. கூடத்துக்கு முன்னும் பின்னும். அறைக்குக் கூடத்திலிருந்து ஒன்று, வெளிப்புறம் ஒன்று. சமையல்கட்டுக்கும் அப்படியே. கொத்தனார் ஆரோக்கியம் கடைசிப் பூச்சு வேலைக்காக நின்றிருந்தார். என்னிடம் முறையிட்டார்.

"நீங்களாச்சும் கேளுங்கம்மா. எங்கிட்டுப் பாத்தாலும் கதவு வைக்கச் சொன்னா, அலமாரி எங்க வைக்கிறது, சாமி படம் எங்க மாட்றது? நான் கட்டுனதுலயே செங்கல் கம்மியாப் போன வீடு இதுதான்."

"செங்கல் மிச்சந்தானே? சந்தோசப்படுங்க" என்றாள் மலர்க்கொடி.

விடியற்காலையில் விசேஷம். வாசலில் வாழைமரம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம், பின்னால் பெரிய அண்டாக்களில் பொங்கலும் சாம்பாரும். ஊர் முழுக்க வந்திருந்தது. முதலில் பக்கத்து வீட்டுப் பசுவை மஞ்சள் குங்குமம் வைத்து உள்ளே கூட்டிப் போனார்கள். நல்ல பிள்ளையாகக் கூடத்தைச் சுற்றி வந்து, நடுக்கூடத்தில் சாணி போட்டது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு அதை வாசல் தூணில் கட்டிவிட்டு, ஐயர் ஹோமத்தை ஆரம்பித்தார்.

சமையல்கட்டில் மலர்க்கொடி, அண்ணி, நான். புது அடுப்பு, புதுச் சிலிண்டர், புது எவர்சில்வர் பாத்திரத்தில் பால். குழாயை அவள் குனிந்து இருமுறை தடவிப் பார்த்தாள். லைட்டரைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். எடுத்தாள். கூடத்தில் யாரோ, "என்ன, நேரம் போவுதுல்ல?" என்று குரல் கொடுத்தார். அண்ணி தலையை நீட்டி, "போகட்டும், நேரந்தானே!" என்று அதட்டினார்.

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். திருகினாள், அழுத்தினாள். பொப் என்று ஒரு சத்தம். நீலப் பூப்போல வட்டமாக எரிந்தது. அவ்வளவுதான். ஏழு வருடம் பயந்தது அந்தப் பூவுக்குத்தான் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பால் முதலில் சும்மா கிடந்தது. ஓரத்தில் நுரை கட்டியது. பிறகு ஒரே மூச்சில் எழும்பி, பாத்திரத்தின் நான்கு பக்கமும் வழிந்தது. அண்ணி நாக்கை மடித்துக் குலவை போட்டார். கூடத்துப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் என் தோலெல்லாம் சிலிர்த்தது. குலவை கேட்டதும் வாசலில் நின்ற இளவட்டங்கள் சரவெடியைப் பற்ற வைத்தார்கள்.

பசுவை யாரும் நினைக்கவில்லை. அது கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தது. கூடத்தில் கூச்சல். தாம்பாளங்கள் உருண்டன. அண்ணி என்னவென்று பார்க்க வெளியே போனார். அவர் போன வாசல் வழியாகவே பசு உள்ளே வந்தது. அடுத்த கணம் யாரோ ஒரு பெரியவர், "கதவச் சாத்து, கதவச் சாத்து! மாடு ஹோமத்துல விழுந்துரும்!" என்று கத்த, சமையல்கட்டுக் கதவு படாரென்று மூடியது. வெளியில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

உள்ளே நாங்கள் இருவர், ஒரு பசு, எரிகின்ற அடுப்பு.

எனக்கு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தோடு சுவரில் சாய்ந்து சரிந்தேன். பால் தீய்ந்த மணம் புகையாக மூக்கில் ஏறியது. இது குளத்தூர் என்பதே மறந்துபோயிற்று. தைரியம் சொல்ல வந்தவள் நான்.

மலர்க்கொடி அடுப்பைத் திருகி அணைத்தாள். அவசரமே இல்லை. சிலிண்டர் வால்வையும் மூடினாள். மிரண்டு நின்ற பசுவின் கழுத்தில் ஒரு கையை வைத்து, "ஒண்ணுமில்ல ஆத்தா, ஒண்ணுமில்ல" என்று தடவினாள். மற்றக் கையால் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அதே பிடி. அன்று புகைக்குள் என்னை இழுத்துப்போன அதே பிடி.

"ரஞ்சி, என்னையப் பாரு. கதவு அங்கிட்டு இருக்கு, பாரு. வா, நாம இப்புடிக்கா போவோம்."

கொல்லைப்பக்கக் கதவின் கொண்டியைத் தூக்கினாள். அது ஒரு சத்தமும் போடாமல் திறந்தது. வெளியே விடிந்துகொண்டிருந்தது. வேப்பமரம், அடுக்கிவைத்த செங்கல், சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரர். முதலில் பசு, அதன் பின் மலர்க்கொடி, அவள் கையைப் பிடித்தபடி நான். வெளிக்காற்று பட்டதும் எனக்கு அழுகை வந்தது. அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "அழுவாத. பால் பொங்கிருச்சுல்ல?" என்றாள். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சமையல்காரர் எங்களையும் பசுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனோம். கூடத்தில் ஊரே சமையல்கட்டுக் கதவின் முன் கூடி நின்றது. பாதிப் பேர் கதவைத் திற என்கிறார்கள், மீதிப் பேர் திறக்காதே என்கிறார்கள். அண்ணி தாழ்ப்பாளை இழுக்க, அந்தப் பெரியவர் முதுகைக் கொடுத்துக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் கண்ணீரோடு கதவைத் தட்டுகிறார்: "மலரு! பயப்படாதடா, அண்ணன் இருக்கேன்!"

எல்லோருக்கும் பின்னால் போய், பசுவின் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்று, மலர்க்கொடி கேட்டாள்: "யார மாமா உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க?"

அத்தனை தலைகளும் திரும்பின. முதலில் சிரித்தவர் கொத்தனார் ஆரோக்கியம்தான். "அடுத்த வீட்டுக்கும் இதே பிளான்தான் போடப்போறேன்!" என்று கத்தினார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிப்பை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. அண்ணன் மட்டும் தங்கையைக் கட்டிக்கொண்டு விடாமல் நின்றார். தீய்ந்த மணம் லேசாக அடித்த அந்தப் பாலை எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறாகக் கொடுத்தார்கள். ருசியாகத்தான் இருந்தது.

அன்று முழுவதும் மலர்க்கொடி அடுப்பைவிட்டு நகரவில்லை. வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் அவளே டீ போட்டாள். டீ வேண்டாம் என்றவர்களுக்கும் போட்டாள்.

மறுநாள் எனக்குக் கடல் பார்க்கவேண்டும் போல இருந்தது. நான்கு நாள் கடல் இல்லாமல் இருந்து எனக்குப் பழக்கம் இல்லை. மலர்க்கொடியோ கடலில் கால் நனைத்ததே இல்லை என்றாள். மணமேல்குடிக்குப் போகலாம் என்று முடிவானது. காலையில் சேலை கட்டி முடித்து, அண்ணனிடம், "அப்ப நாங்கள் வெளிக்கிடுறம் அண்ணை" என்றேன். அண்ணன் முகம் சிவந்து, கொல்லைப்பக்கம் கையைக் காட்டி, "கக்கூஸ் அங்கிட்டு இருக்கும்மா, அதுக்கெல்லாம் சொல்லிக்கிட்டுப் போவணுமா?" என்றார். வெளிக்கிடுவது என்றால் எங்கள் ஊரில் புறப்படுவது என்று மலர்க்கொடி விளக்கினாள். அண்ணன் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்காமலே வழியனுப்பினார்.

பஸ் அறந்தாங்கி தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது. மணமேல்குடியில் இறங்கி, ஒரு ஆட்டோவில் கரைக்குப் போனோம். நான் கடலைப் பார்த்துத் திகைத்தேன். அலையே இல்லை. எங்கள் கடல் இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும். கரையில் நின்று கதைத்தால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. இது சும்மா கிடந்தது. "இதென்ன, கடலோ குளமோ?" என்றேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண் ஒருத்திக்கு அது பிடிக்கவில்லை. "உள்ள போயிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

போனோம். மலர்க்கொடி முதலில் கொலுசு நனையும் அளவுக்கு நின்றாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். எவ்வளவு தூரம் போயும் முழங்கால் தண்ணீர்தான். திரும்பிப் பார்த்தால் கரையில் இருந்த படகுகள் தீப்பெட்டி அளவு தெரிந்தன. சேறு காலுக்குக் கீழே மெத்தென்று இருந்தது. "எம்புட்டுத் தூரம்டி இது!" என்று சொல்லிக்கொண்டே மலர்க்கொடி தொப்பென்று கடலில் உட்கார்ந்துவிட்டாள், புதுச் சேலையோடு. நானும் உட்கார்ந்தேன். தண்ணீர் நெஞ்சு வரை இளஞ்சூடாக வந்து நின்றது. சின்னச் சின்ன மீன்கள் வந்து விரல்களைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. முதுகில் தீக்காயத் தழும்பு இருந்த இடத்தில் தண்ணீர் படும்படி அவள் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

"அங்கிட்டுத்தானே ஒங்க ஊரு?" என்று கிழக்கே கையைக் காட்டினாள்.

"ஓம். அதுக்கு அங்காலை."

திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு பேரிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. "யக்கா, ஈரத்தோட சீட்டுல உக்காந்துறாதீங்க" என்றார். நிறைய இடம் காலியாக இருந்தது. நாங்கள் நின்றோம்.

கொஞ்ச தூரம் போனதும் மலர்க்கொடி கேட்டாள். "ஒங்க ஊருக் கடல்ல இப்புடி உக்கார முடியாதுல்ல?"

"ஏலாது. நிக்கவே விடாது. தள்ளி விழுத்திப்போடும்."

இனி எந்தக் காலத்திலும் கடல் தாண்டமாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சத்தியம் செய்தவள் அவள். இப்போது கம்பியை நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்துக்கொண்டாள்.

"அப்ப எப்புடி நிக்கிறதுன்னு நீதான் சொல்லித் தரணும். தை பொறக்கட்டும், வாரேன்."

பஸ் வளைவில் சாய்ந்தது. ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட, அறந்தாங்கி வரை நாங்கள் நின்றுகொண்டே போனோம்.